குடியாத்தத்துத் தகப்பனாருக்கு: மகளை அணுக்கரு ஆய்வுக்கு அனுப்பலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் வேலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஆய்வு உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். தேர்விலும் தேறியிருக்கிறார். அரிய அணுக்கருக்களைப் பற்றிய சோதனை ஆய்வில் முனைவர் பட்டத்துக்குச் சேர வெளிமாநிலத்தில் இடம் கிடைக்கும் நிலை. “ஒரு நொடிகூட நிலைக்காத பொருளை ஆராய ஐந்தாறு வருடம் எதற்கு? கதிர்வீச்சு உடம்பைக் கெடுக்காதா? முடித்து வந்தால் சி.எம்.சி. மருத்துவமனை போன்ற இடத்தில் வேலை கிடைக்குமா? பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண் சமாளிப்பாளா?” என்று நான்கு கேள்விகள் எழுதியிருக்கிறார். நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கவலைதான் என்று எனக்குப் படுகிறது. பெண்ணின் இருபதுகளில் பாதியை இதற்குக் கொடுத்தால் அது வீணாகிவிடாதா என்பதுதான் அது. ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரன் நான். அணுக்கரு உமிழும் காமா கதிர்களை அளக்கும் காமா நிறமாலை ஆய்வில் பட்டம் பெற்று, இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். விடுமுறைகளில், அணுக்கருக்களைப் பெருவேகத்தில் செலுத்தி மோதவிடும் முடுக்கிக் கூடங்களுக்குப் போய்வருவது இன்னும் நிற்கவில்லை. ஆகவே சோதனை ஆய்வைப் பற்றிப் பட்டறிந்து சொல்ல முடியும். கோட்பாட்டு ஆய்வின் வாழ்க்கை வேறு, அதற்கு இந்தப் பதில் பொருந்தாது.

முதலில் அந்த “ஒரு நொடி”யைப் பார்ப்போம். இயற்கையில் சிதையாமல் நிற்கும் அணுக்கரு வகைகள் ஏறத்தாழ 250. ஆய்வகங்களில் உண்டாக்கி அடையாளம் கண்டவற்றையும் சேர்த்தால் 3,300ஐத் தாண்டும். கோட்பாட்டுக் கணக்குகளோ சுமார் 7,000 வரை இருக்கக்கூடும் என்கின்றன. அதாவது பாதிக்கும் மேற்பட்டவற்றை யாரும் இன்னும் கண்ணால் கண்டதில்லை. புரோட்டான்களுக்கு ஒவ்வாத அளவில் நியூட்ரான்கள் மிகுந்தோ குறைந்தோ போனவைதான் இந்த அரிய அணுக்கருக்கள். உதாரணத்துக்கு, செல்போன் பேட்டரியில் இருக்கும் லித்தியத்தில் பெரும்பாலானவற்றின் கருவில் 3 புரோட்டான், 4 நியூட்ரான். அதே லித்தியத்துக்கு 8 நியூட்ரான் கொடுத்தால் லித்தியம்-11. அதன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், சுமார் 8.7 மில்லிநொடி. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் அணுக்கருவுக்குள் ஒரு நியூட்ரான் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக ஆகும் நேரத்தோடு வைத்துப் பார்த்தால், இது கோடி கோடி மடங்கையும் தாண்டிய நீண்ட ஆயுள். அந்த அவகாசத்தில் அது ஒரு முழுமையான அணுக்கருவாகவே வாழ்ந்து முடிக்கிறது. அளப்பதற்கும் அது போதும்.

அளந்தபோது கிடைத்தது என்ன என்பதில்தான் இந்தத் துறையின் உயிர் இருக்கிறது. 1985இல் இசாவோ தானிஹாட்டாவும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பெர்க்லியில் லித்தியம்-11ஐ இலக்குகளின் மீது மோதவிட்டு அதன் பருமனைக் கணக்கிட்டார்கள். எதிர்பார்த்ததைவிட மிகப் பெரியதாக இருந்தது. கடைசி இரண்டு நியூட்ரான்கள் மையத்தைவிட்டு வெகுதூரம் விலகி, மெல்லிய புகையைப் போல் பரந்து கிடக்கின்றன. மொத்தம் 11 துகள்களே கொண்ட அந்தக் கரு, 208 துகள்கள் கொண்ட ஈயக் கருவின் பரப்புக்கு நெருங்கிவிடுகிறது. அந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதும் நிற்காது, ஏனென்றால் லித்தியம்-10 என்ற ஒன்று கட்டுண்டு நிற்பதே இல்லை. மையமும் இரண்டு நியூட்ரான்களும் ஆக மூன்றும் சேர்ந்திருந்தால்தான் கட்டு, எந்த இரண்டும் தனியாக ஒட்டாது. இப்படி ஒரு ஏற்பாடு இயற்கையில் இருக்கிறது என்பதே அதுவரை பாடநூல்களில் இல்லை.

இது எந்த அளவுக்கு உறுதி, எந்த அளவுக்கு ஐயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2, 8, 20, 28, 50, 82, 126 ஆகிய எண்ணிக்கைகளில் புரோட்டானோ நியூட்ரானோ அமைந்தால் கரு இறுக்கமாக இருக்கும் என்பதை உங்கள் மகள் மாய எண்கள் என்று படித்திருப்பார். மரியா கோப்பெர்ட் மேயரும் ஹான்ஸ் ஜென்சனும் 1949இல் தனித்தனியே அதற்கு விளக்கம் கண்டார்கள், 1963இல் நோபல் பரிசு பெற்றார்கள். நிலையான கருக்களுக்கு அந்த விளக்கம் இன்றும் பிசகவில்லை. நியூட்ரான்கள் அளவுமீறி மிகுந்த ஓரத்துக்குப் போகப் போகத்தான் அது தளர்கிறது. மக்னீசியம்-32இல் 20 நியூட்ரான்கள் இருக்கின்றன. விதிப்படி உருண்டையாக இருக்க வேண்டிய கரு, நீண்டு உருக்குலைந்து இருக்கிறது. இது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டுவிட்டது. 2013இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் கால்சியம்-54ஐப் பார்த்தபோது 34 என்ற எண் அங்கே மாய எண்ணைப் போல் நடந்துகொள்வது தெரிந்தது. 2023இல் அதே ஆய்வகத்தில் 8 புரோட்டானும் 20 நியூட்ரானும் கொண்ட ஆக்சிஜன்-28 முதன்முதலாகக் காணப்பட்டது. இரண்டும் மாய எண்கள் என்பதால் அது உறுதியாக நிற்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அது பிறந்த கணமே நான்கு நியூட்ரான்களை உதிர்த்துவிட்டு ஆக்சிஜன்-24 ஆகிவிடுகிறது. எண்கள் ஏன் இப்படி இடம் மாறுகின்றன என்பதற்கு விளக்கங்கள் உண்டு. புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் இடையிலான விசையின் ஒரு கூறு காரணம் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். மூன்று துகள்கள் ஒருசேர ஒன்றையொன்று பாதிக்கும் விசைக்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் இன்னும் வாதம் நடக்கிறது.

இதனால் நமக்கென்ன என்று அடுத்து கேட்கத் தோன்றும். வேலூருக்கு அருகிலேயே ஸ்ரீபுரம் பொற்கோயில் இருக்கிறது. அங்கே மின்னும் தங்கத்தின் அணுக்கருக்களில் பெரும்பாலானவை, நியூட்ரான்கள் வெள்ளமாகப் பாய்ந்த ஓர் இடத்தில், மிகக் குறுகிய ஆயுள் கொண்ட கருக்களின் வழியாக ஏறி வந்தவைதான். இதை ஓரளவு துணிந்து சொல்லலாம். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்த நிகழ்வு ஈர்ப்பலைகளிலும் ஒளியிலும் ஒருசேரப் பதிவானது. அத்தகைய இடங்களில் கனமான தனிமங்கள் உருவாகின்றன என்பது அதன்பின் உறுதிப்பட்டது. ஆனால் உலகில் உள்ள தங்கம் முழுவதும் அப்படித்தான் வந்ததா, அரிய வகை விண்மீன் வெடிப்புகளுக்கும் பங்கு உண்டா என்பது முடிவாகவில்லை. முடிவாகாததற்கு ஒரு முக்கியக் காரணம், அந்தப் பாதையில் இருக்கும் பல கருக்களின் நிறையும் அரைவாழ்வும் இன்னும் அளக்கப்படாமல், கணிப்பாகவே கணக்கில் நுழைவதுதான். நம் பழைய வட ஆர்க்காட்டுக்குள்ளேயே, ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. விண்மீனின் ஒளியைப் பிரித்து அதில் என்னென்ன தனிமங்கள் உண்டு என்று அங்கே சொல்லிவிட முடியும். அவை எப்படி விளைந்தன என்பதற்கான எண்களை முடுக்கிக் கூடங்கள்தான் தரவேண்டும். உங்கள் மகளின் ஆய்வேடு இந்தப் பெரிய கணக்கில் ஒன்றிரண்டு எண்களைச் சேர்க்கும், அல்லது தவறாக நுழைந்துவிட்ட ஓர் எண்ணைத் திருத்தும். அதற்குமேல் ஒரு முனைவர் பட்டத்தில் எதிர்பார்க்கக் கூடாது. அதுவே பெரிய காரியம்.

இனி அன்றாட வேலை. பெயரைக் கேட்டு மயங்கிச் சேர்ந்துவிட்டு, உள்ளே போனபின் இது நமக்கு ஆகாது என்று கண்டுகொள்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சோதனை அணுக்கரு இயற்பியலில் கருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் மிகக் குறைவு, கருவிகளோடு போராடும் நேரமே அதிகம். ஜெர்மானியம் டிடெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். காமா கதிரின் ஆற்றலை நுட்பமாக அளப்பதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை. திரவ நைட்ரஜனால் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். திரவ நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் 196 டிகிரியில். நிரப்பும்போது வெளியேறும் குழாயில் முதலில் குளிர்ந்த வாயு சீறும், பிறகு திரவமே துளித்துளியாகத் தெறிக்கும். தெறித்தால் கலம் நிறைந்துவிட்டது என்று பொருள். விடியற்காலை மூன்று மணி ஷிப்டில் அந்தத் தெறிப்புக்காகக் கையுறையோடு காத்து நிற்பதும் ஆய்வுதான்.

கோபால்ட்-60 மூலத்தை எதிரே வைத்தால் 1173, 1332 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) இரண்டு சிகரங்கள் திரையில் எழும். 1332இல் உள்ள சிகரம் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குள் நிற்க வேண்டும். ஒருநாள் திடீரென்று அது நான்காக அகன்று கிடக்கும். எங்கோ ஒரு வெற்றிடப் பம்பு ஓடத் தொடங்கியிருக்கும், அல்லது ஒரு கேபிள் இரண்டு இடத்தில் எர்த் ஆகியிருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழு நாளும் போகலாம், ஒரு வாரமும் போகலாம். முடுக்கியிலிருந்து வரும் துகள் கற்றை மோதும் இலக்குத் தகடு என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் உருட்டிய மெல்லிய படலம். இடுக்கியால் எடுக்கும்போது மூச்சுக்காற்று வேகமாகப் பட்டாலே கிழியும். அதில் இருக்கும் ஐசோடோப்போ அயல்நாட்டிலிருந்து விலைகொடுத்து வாங்கியது. இவ்வளவும் கூடிவந்து கற்றை ஓடும் சில நாட்களில் கோடிக்கணக்கான நிகழ்வுகள் பதிவாகும். நமக்கு வேண்டியவை அவற்றுள் சில ஆயிரமாக இருக்கலாம். அரிய கருக்கள் என்றால் சில நூறாகவும் இருக்கலாம். வேலூர் நேதாஜி மார்க்கெட்டின் மாலை இரைச்சலில் தெரிந்த குரல் ஒன்றைப் பிரித்துக் கேட்பது போன்ற வேலை அது. பிரித்தபின் அது மெய்யாகவே அந்தக் குரல்தானா, நம் ஆசை நம்மை ஏமாற்றுகிறதா என்று சோதிக்கவே ஆண்டுக்கணக்கில் ஆகும். இந்தச் சோதிக்கும் பழக்கத்தைத்தான் இந்தப் பட்டம் கற்றுத்தருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மகளிடம் “அணுக்கரு பிடிக்குமா” என்று கேட்பதைவிட, எம்.எஸ்சி. ஆய்வகத்தில் கருவி வேலை செய்யாதபோது என்ன செய்தாய் என்று கேளுங்கள். எரிச்சலோடு விட்டுவிட்டு வந்தேன் என்றால் யோசிக்க வேண்டும். திருகாணியைக் கழற்றிப் பார்த்தேன் என்றால் தயங்காமல் அனுப்புங்கள்.

கதிர்வீச்சைப் பற்றிய பயம் இயல்பானது. அணு என்றால் நம் பக்கத்தில் கல்பாக்கம்தான் நினைவுக்கு வரும். முடுக்கி என்பது அணு உலை அல்ல. சுவிட்சை அணைத்தால் கற்றை நின்றுவிடும், தொடர்வினை எதுவும் அங்கே கிடையாது. கற்றை ஓடும்போது கூடத்தின் கதவு பூட்டப்பட்டிருக்கும். கதவைத் திறந்தால் கற்றை தானாகவே தடைபடும்படி இணைப்பு இருக்கும். ஆய்வாளர்கள் தடித்த சுவருக்கு அப்பால் கணினி அறையில் உட்கார்ந்திருப்பார்கள். கற்றையை நிறுத்தியபின்னும் இலக்கருகே கொஞ்ச நேரம் கதிரியக்கம் மிச்சமிருக்கும். அதனால் அளவுமானியோடு பாதுகாப்பு அலுவலர் முதலில் போய்ப் பார்ப்பார். ஒவ்வொருவரும் சட்டையில் கதிரளவு பதியும் அட்டை அணிய வேண்டும். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்வீச்சுப் பணியாளர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிரளவின் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் கூடாது. இயற்கையிலிருந்தே உலக மக்கள் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் பார்த்தவரையில் எங்களைப் போன்றோரின் அட்டைகளில் பதிவாவது அந்த வரம்புக்கு மிகமிகக் கீழேதான். கர்ப்பிணிகளுக்கு வரம்பு இன்னும் கடுமையானது, தெரிவித்தவுடன் வேறு பணிக்கு மாற்றிவிடுவார்கள். ஆய்வகத்தில் உடம்புக்கு நேரும் காயம் பெரும்பாலும் உயர் மின்னழுத்தம், திரவ நைட்ரஜன், கனமான ஈயச் செங்கல் ஆகியவற்றால்தான். அவற்றுக்கு எச்சரிக்கை போதும்.

கவலைப்பட வேண்டிய ஒன்று உண்டு, அது காலம். முடுக்கி நேரம் வேண்டும் என்றால் முன்மொழிவு எழுதி, குழுவின் முன் வாதாடி, ஒப்புதல் பெற்று, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். சில மாதங்கள் ஆகலாம், ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். முறை வந்த வாரத்தில் இயந்திரம் பழுதானால் மறுபடியும் வரிசை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி முனைவர் பட்டத்துக்கு உச்ச காலம் ஆறு ஆண்டு, பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுத் தளர்வும், மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. திருமணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன். திருமணமாகி, குழந்தை பெற்று, நல்ல ஆய்வேடு எழுதி முடித்த பெண்களை இந்தத் துறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஷிப்டு நேரங்களில் வீட்டில் ஒருவர் தோள்கொடுத்தால் நடக்கிறது.

காலம் வீணாகுமா ஆகாதா என்பது தலைப்பைவிட நெறியாளரையும் ஆய்வகத்தையும் பொறுத்தது. இந்தியாவில் மூன்று முடுக்கிகள் இந்தத் துறைக்கு முதுகெலும்பு. டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தின் பெல்லட்ரான், மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் உள்ள பெல்லட்ரான், கொல்கத்தாவில் உள்ள சைக்ளோட்ரான். இந்திய தேசிய காமா அணி எனப்படும் ஜெர்மானியம் டிடெக்டர் தொகுதி இந்த மூன்றுக்கும் முறைவைத்துப் போய்வருவது. டெல்லி மையம் பல்கலைக்கழகங்களுக்காகவே அமைந்தது என்பதால் சிறிய கல்லூரியில் இருந்தாலும் அங்கே வேலை செய்யலாம். ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் நிலையான கருக்களைத்தான் கற்றையாகத் தருகின்றன. டெல்லியில் பெரிலியம்-7 கற்றை தயாரித்துச் சோதனை செய்திருக்கிறார்கள், அது சிறப்பான முயற்சி. எனினும் நான் மேலே சொன்ன லித்தியம்-11, ஆக்சிஜன்-28 போன்ற ஓரத்துக் கருக்களுக்கு ஜப்பானின் ரிக்கென், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட், பிரான்சின் கானில் (GANIL), ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் ஐசோல்டே, அமெரிக்காவில் 2022இல் திறக்கப்பட்ட ஃப்ரிப், கனடாவின் ட்ரையம்ஃப் என்று அயல்நாட்டு முடுக்கிக் கூடங்களுக்குப் போயாக வேண்டும். ரிக்கெனில் யுரேனியத்தை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு முடுக்கி, பெரிலியத்தில் மோதி உடைத்து, சிதறலில் இருந்து வேண்டிய கருவைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த வசதி இங்கே இல்லை.

ஆகவே சேர்வதற்கு முன் நெறியாளரிடம் மகள் நேராகக் கேட்க வேண்டியது: என் ஆய்வேட்டுக்கான சோதனை எந்த முடுக்கியில் நடக்கும், ஒப்புதல் கிடைத்துவிட்டதா, இயந்திரம் கைகொடுக்காவிட்டால் கைவசம் வேறு தரவு இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்குப் பதில் உள்ளவரிடம் சேர்வது நல்லது. அவரிடம் கடைசியாகப் பட்டம் பெற்ற இருவரோடு தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். நெறியாளரின் குணம் அதில் தெரிந்துவிடும். நான் இங்கிருந்து அதைக் கணிக்க முடியாது.

பணத்தைப் பொறுத்தவரை, ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. உங்களிடம் பணம் கேட்கும் நிலை பொதுவாக வராது, ஆனால் தொகை வந்துசேரத் தாமதமாகும் மாதங்கள் உண்டு. கொஞ்சம் கையிருப்பு வேண்டும்.

வேலை விஷயத்தில் வேலூர்ப் பக்கம் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றால் மருத்துவமனையில் கதிரியக்கப் பிரிவில் வேலை கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். கிடைக்காது. மருத்துவ இயற்பியலாளர் ஆவதற்கு மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி. அல்லது எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு கதிரியல் இயற்பியலில் தனிப் பட்டயம், அதோடு மருத்துவமனைப் பயிற்சி ஆகியவற்றை ஒழுங்குமுறை வாரியம் கேட்கிறது. சி.எம்.சி.தான் உங்கள் குறி என்றால் மகள் இப்போதே அந்தப் பாதைக்குத் திரும்புவது நல்லது, அதுவும் மதிப்புள்ள பாதை. இந்த ஆய்வுப் பட்டம் நேராக இட்டுச்செல்வது முதலில் வெளிநாட்டில் சில ஆண்டு முதுமுனைவர் ஆய்வு, பிறகு ஆராய்ச்சி நிறுவனம் அல்லது பல்கலைக்கழகப் பணி. அந்த இடங்கள் குறைவு, போட்டி கடுமை. கல்லூரி ஆசிரியர் பணிக்கு இந்தப் பட்டம் துணைநிற்கும். என் காலத்தில் உடனிருந்தவர்களில் கணிசமானோர் தரவுப் பகுப்பாய்வு, மின்னணுக் கருவி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆகிய துறைகளுக்குப் போனார்கள். யாரும் வேலையில்லாமல் நின்றதாக நினைவில்லை. ஆனால் விரும்பிய வேலை எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

தமிழ்வழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எம்.எஸ்சி. வரை வந்து ஜே.ஆர்.எஃப். எழுதித் தேறியவருக்கு மொழி தடையாக இருக்கப்போவதில்லை. முதல் ஆண்டில் கருத்தரங்கில் எழுந்து கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கும். ஷிப்டில் நள்ளிரவு மூன்று மணிக்கு இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது பேசிப் பேசியே அது போய்விடும். உண்மையில் தடுமாற வைப்பது கணினி நிரல். இந்தத் துறையில் தரவைப் பகுக்க செர்னில் உருவான ரூட் என்ற மென்பொருள்தான் எங்கும் புழங்குகிறது. பெரும்பாலும் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழியில் எழுத வேண்டும். நம் எம்.எஸ்சி. பாடத்திட்டங்களில் இதற்குப் போதிய பயிற்சி கிடைப்பதில்லை. ரூட்டை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், சாதாரண மடிக்கணினியே போதும். சேரும் தேதிக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கிறது என்றால், அதில் ஒரு ஹிஸ்டோகிராம் வரையவும், ஒரு சிகரத்துக்குக் காஸியன் வளைவு பொருத்தி அதன் பிழையளவைச் சொல்லவும் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதத்தில் மற்றவர்கள் திணறும் இடத்தை அவர் தாண்டிவிடுவார்.